மே மாதம் எங்கே போனது? காசிமேட்டுக் கட்டுரை ஒன்றை ஆய்விதழுக்குத் தயார் செய்த கதை

நான்கே நாளில் திரும்பி வந்துவிட்டது அந்தக் கட்டுரை. கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவர் கைக்கே போகவில்லை. இதழாசிரியர் மேசையிலேயே நின்றுபோய், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று தெளிவாகவில்லை என ஒரு வரி வந்திருந்தது. கூடவே, ஆங்கிலத்தைச் சீர்செய்தால் நல்லது என்று வழக்கமான ஒரு வால். அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் கட்டுரையை எழுதியவர் என்னிடம் வந்தார்.

"இங்கிலீஷ் மட்டும் பார்த்துக் குடுத்துடுங்க அண்ணா. மத்ததெல்லாம் ரெடி."

தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் டிடிபி கடை வைத்திருந்தவன் நான். எம்.ஃபில்., பி.எச்டி. ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, பைண்டிங் போட்டு, தங்க எழுத்து அடித்துக் கொடுப்பது தொழில். தட்டச்சு செய்யும்போதே தப்பு கண்ணில் படும், சொல்லுவேன், சிலர் திருத்துவார்கள். அப்படியே பேப்பர் திருத்துகிறவனாக ஆகிவிட்டேன். வந்தவர் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். பி.எச்டி. முடித்தவர். ஆய்வேட்டின் ஓர் இயலைக் கட்டுரையாக்கியிருந்தார். பொருள்: வடசென்னைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வாங்கிக் கூடையில் விற்கும் பெண்கள் முதலுக்குப் பணத்தை எங்கே, எப்படிக் கடன் வாங்குகிறார்கள். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரையும் அவர் பேசிய பெண்களையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டேன், சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன்.

வந்த நிலையில் கட்டுரை இப்படி இருந்தது. 11,400 சொற்கள், அனுப்பிய இதழின் வரம்போ 8,000. ஆய்வுச் சுருக்கம் மட்டும் ஒரு பக்கம். ஒன்பது அட்டவணைகள். முன்னுரை, இந்தியாவின் கடற்கரை 7,516 கிலோமீட்டர் என்று தொடங்கி, தமிழ்நாட்டின் 1,076 கிலோமீட்டருக்கு வந்து, மீன் புரதச்சத்து நிறைந்த உணவு என்று சொல்லி, மூன்றாம் பக்கத்தில்தான் சென்னைக்கு வந்து சேர்ந்தது. அந்த 7,516 கூட இப்போது பழைய கணக்கு. வளைவு நெளிவுகளை நுணுக்கமாக அளந்து 11,098 கிலோமீட்டர் என்று ஒன்றிய அரசு மாற்றிவிட்டது. ஆனால் என் வருத்தம் எண் தவறு என்பதில் இல்லை. கடன் வாங்கும் பெண்களைப் பற்றிய கட்டுரைக்குக் கடற்கரையின் நீளம் எதற்கு?

ஆங்கிலம் அப்படியொன்றும் மோசமில்லை. நீளமான வாக்கியங்கள், இடத்துக்கு இடம் தேவையில்லாத 'மேலும்'கள், அவ்வளவுதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்திருப்பேன். செய்துகொடுத்துக் காசும் வாங்கியிருப்பேன். அடுத்த இதழும் நான்கு நாளில் திருப்பி அனுப்பியிருக்கும்.

தேதி கேட்டேன்

ஸ்ட்ரோப் என்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. மருத்துவத்தில் கணக்கெடுப்பு வகை ஆய்வுகளை எழுதுகிறவர்களுக்காக 2007-இல் வெளியானது, 22 கேள்விகள். இவருடையது சமூக அறிவியல், இதழும் அதைக் கேட்கவில்லை. இருந்தாலும் எந்தக் களஆய்வுக் கட்டுரை வந்தாலும் முதலில் அந்தப் பட்டியலை வைத்து ஒரு முறை தட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஓட்டைப் பானை சத்தத்திலேயே தெரிந்துவிடும். அதில் ஐந்தாவது கேள்வி: எந்த இடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை தகவல் திரட்டினீர்கள்?

கட்டுரையில் வருடம் இருந்தது. மாதம் இல்லை.

"எந்த மாசம்மா போனீங்க?"

"மே மாசம் லீவுல ஆரம்பிச்சேன் அண்ணா. ஜூன் முதல் வாரம் காலேஜ் திறந்துட்டாங்க. அப்புறம் ஜூலை கடைசியிலயும் ஆகஸ்ட்லயும் சனி ஞாயிறு போய் முடிச்சேன்."

காசிமேட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற யாருக்கும் இதைக் கேட்டதுமே மணி அடிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டியே கிடக்கும். ஃபைபர் படகுகளும் கட்டுமரங்களும் கொண்டுவருவது கொஞ்சம். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் மே மாதம் முழுக்க அந்தப் பக்கத்து மீன் ஐஸ் லாரியில் வந்து இறங்கும். வஞ்சிரம் விலை எங்கோ போய் நிற்கும். ஒரு அன்னக்கூடை மீன் எடுக்க வழக்கத்தைவிட அதிகப் பணம் வேண்டும். அதாவது இவர் பேசிய பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம், வருடத்திலேயே முதலுக்கு மிகவும் திண்டாடும் வாரங்களில், "எவ்வளவு கடன் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். மீதிப் பேரிடம் படகுகள் போய்வந்துகொண்டிருந்த காலத்தில் கேட்டிருக்கிறார். இரண்டையும் ஒரே குவளையில் ஊற்றிக் கலக்கிச் சராசரி எடுத்துவிட்டார்.

"தடைக்காலம்னு எழுதலையே?"

அவர் சொன்ன பதிலை இன்னும் நான் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே அண்ணா."

எல்லாருக்கும் என்றால் யாருக்கு? காசிமேட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த இதழின் ஆசிரியர் உட்கார்ந்திருக்கும் ஊரில் யாருக்குத் தெரியும்? மீனில் புரதம் இருப்பது அவருக்குத் தெரியும். அதை இவர் முன்னுரையில் ஒரு பத்தி எழுதியிருக்கிறார். அவருக்குத் தெரியாத ஒன்றே ஒன்றை, இவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை, சொல்லவே இல்லை. புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டு வந்த வரிக்குப் பதில் இவருடைய களக் குறிப்பேட்டின் ஓரத்தில் தேதியாக எழுதப்பட்டுக் கிடந்தது.

குறிப்பேடுகளைக் கொண்டுவரச் சொன்னேன். நான்கு கோடு போட்ட நோட்டுகள், சில பக்கங்களில் மீன் செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. ஒவ்வொரு பேட்டிக்கும் தேதி இருந்தது. பிரித்து எண்ணினோம்: தடைக்காலத்தில் 71 பேர், பிறகு 47 பேர். அன்றே கட்டுரையின் கேள்வி மாறிவிட்டது. 'மீன் விற்கும் பெண்களின் கடன் நிலை' என்ற பொதுத் தலைப்பு போய், தடைக்காலத்தில் பேசியவர்களும் பிறகு பேசியவர்களும் யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள், அந்த இரண்டும் எப்படி வேறுபடுகின்றன என்று ஆயிற்று.

உற்சாகத்தில் அடுத்த வாரமே அவர் "தடைக்காலம் கடனை அதிகரிக்கிறது" என்று முடிவுரை எழுதிக்கொண்டு வந்தார். அதை நான் விடவில்லை. மே மாதம் பேசியவர்களும் ஆகஸ்டில் பேசியவர்களும் வேறு வேறு பெண்கள். தடைக்காலத்திலும் துறைமுகத்துக்கு வருகிறவர் வேறு தெம்புள்ளவராக இருக்கலாம்; கையில் முதலே இல்லாதவர் அந்த இரண்டு மாதம் வீட்டு வேலைக்குப் போயிருக்கலாம், அவர் நம் கணக்கிலேயே வரமாட்டார். ஜூன் என்றால் பள்ளிக்கூடம் திறப்பு. ஃபீஸுக்கு, நோட்டுக்கு வாங்கும் கடன் மே கடைசியிலேயே தொடங்கிவிடும். அதற்கும் தடைக்காலத்துக்கும் சம்பந்தமில்லை. ஆகஸ்ட் பாதிவரை ஆடி. புரட்டாசியில் வியாபாரம் எப்படிப் படுத்துவிடும் என்பது ஊருக்கே தெரியும். அதற்குள் இவர் பேட்டிகளை முடித்துவிட்டார். இதையெல்லாம் வரம்புகள் பகுதியில் எழுதச் சொன்னேன். பொதுவாக அந்தப் பகுதியில் 'மாதிரி சிறியது, எதிர்காலத்தில் பெரிய மாதிரியில் ஆய்வு செய்யலாம்' என்று இரண்டு வரி எழுதிவிட்டு ஓடிவிடுவார்கள். இவர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். என் பார்வையில் அந்தக் கட்டுரையின் சிறந்த ஒன்றரைப் பக்கம் அதுதான்.

120, 124, 118

சுருக்கத்தில் 120 பெண்கள். ஆய்வு முறையில் 124. முதல் அட்டவணையின் கடைசி வரியில் 118. கைடு பார்த்திருக்கிறார், ஆய்வேட்டின் புறத்தேர்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள், நேர்முகத் தேர்வில் ஓர் அறை முழுக்க ஆட்கள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மூன்றுமே ஒரு விதத்தில் உண்மையான எண்கள் என்பதுதான் வேடிக்கை. 120 என்பது ஆய்வுத் திட்டத்தில் எழுதிய இலக்கு. பேசத் தொடங்கியது 124 பேரிடம். நான்கு பேர் பாதியில் ஏலம் ஆரம்பித்ததும் எழுந்து போய்விட்டார்கள். இரண்டு பேரின் படிவத்தில் கடன் பக்கமே காலி. மிச்சம் 118. இதை அப்படியே மூன்று வாக்கியத்தில் எழுதினால் போதும்; படிக்கிறவருக்கு நம்பிக்கை வரும். எழுதாமல் விட்டால் எண்ணத் தெரியாதவர் என்று நினைப்பார்கள், அல்லது அதைவிட மோசமாக.

அட்டவணைகளில் இன்னொரு சங்கடம். வயதை ஆறு பிரிவாகவும் கடன் கொடுத்தவரை ஐந்து வகையாகவும் பிரித்து, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை போட்டிருந்தார். ஆறும் ஐந்தும் பெருக்கினால் 30 கட்டம். 118 பேரை 30 கட்டத்தில் பரப்பினால் ஒரு கட்டத்துக்கு நான்கு பேர்கூடத் தேறாது. எதிர்பார்க்கும் எண்ணிக்கை பல கட்டங்களில் ஐந்துக்குக் கீழே போனால் அந்தச் சோதனையை நம்ப முடியாது. மென்பொருள் அதைக் கீழே சின்ன எழுத்தில் சொல்லியும் இருந்தது, யாரும் படிக்கவில்லை. வயதை மூன்றாகவும் கடனை மூன்றாகவும் குறைத்தோம். அப்புறம் அந்தப் பிரபலமான பி = 0.000. நிகழ்தகவு ஒருபோதும் சுத்தமான பூஜ்யம் ஆகாது. மென்பொருள் மூன்று இலக்கத்தோடு வெட்டிக் காட்டுவதை நாம் அப்படியே நகல் எடுக்கிறோம், 0.001-ஐவிடக் குறைவு என்றுதான் எழுத வேண்டும். வடசென்னையில் எத்தனை ஆய்வேடுகளில் நானே என் கையால் 0.000 என்று தட்டச்சு செய்து தங்க எழுத்தில் பைண்டிங் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

ஒன்பது அட்டவணை நான்காயிற்று.

தண்டல்

கட்டுரையின் நடு நரம்பே தண்டல்தான். காலையில் பணம் தருவார்கள், தினமும் வந்து வசூலித்துக்கொண்டு போவார்கள். ஆனால் இந்தச் சொல்லைக் கட்டுரையில் ஓர் இடத்தில் 'தினக்கடன்' என்றும், இன்னோர் இடத்தில் 'முறைசாரா நுண்கடன்' என்றும், முடிவுரையில் 'கந்துவட்டி' என்றும் பொருள்படும்படி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஒன்றையே மூன்று தடவை சொல்வதாக அவர் நினைத்தார். வெளியூர்க்காரர் மூன்று வகைக் கடன் என்று படிப்பார். போதாக்குறைக்குக் கந்துவட்டி என்பது தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்ட ஒன்று. அந்தச் சொல்லைப் போட்டால் குற்றம் நடக்கிறது என்று எழுதியதாக ஆகும். பேசிய பெண்கள் அந்தச் சொல்லைச் சொன்னார்களா? நோட்டில் தேடினோம். மீட்டர் வட்டி என்று சிலர், வார வட்டி என்று சிலர், பெரும்பாலோர் தண்டல். அந்தச் சொல்லையே ஒலிபெயர்த்து, முதல் இடத்தில் விளக்கி, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பழைய கப்பல்காரர்கள் பேச்சில் படகோட்டித் தலைவனுக்கும் தண்டல் என்ற பெயர் உண்டு என்பதால், அடிக்குறிப்பில் அந்தக் குழப்பம் வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்க ஆசைப்பட்டேன். சொல் வரம்பு இடம் தரவில்லை.

ஒலிபெயர்ப்பும் ஒரு தலைவலி. ஒரே சொல் மூன்று எழுத்துக்கூட்டில் கிடந்தது. காசிமேடே இரண்டு விதம். ஒரு தாளில் எல்லாத் தமிழ்ச் சொற்களையும் எழுதி, எதிரே ஒரே ஒரு எழுத்துக்கூட்டு வைத்து, அதைச் சுவரில் ஒட்டிக்கொண்டோம். பேட்டிகளின் தமிழ்ப் படியோ பழைய வானவில் எழுத்துருவில் இருந்தது. என் கணினியில் தமிழ், அவர் மடிக்கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பை. ஒருங்குறிக்கு மாற்ற ஒரு முழு இரவு போயிற்று.

மீன்பாடி வண்டியைச் சொல்லாமல் விட முடியாது. மொழிபெயர்ப்பில் அது 'மீன் உடல் வாகனம்' ஆகியிருந்தது. மூன்று சக்கரத்தில் மோட்டார் பூட்டி, தெர்மாகோல் பெட்டிகளோடு சிக்னலில் நம்மை முந்துகிற அந்த வண்டிக்கு இப்படி ஒரு கதி.

யார் சொன்னது என்று யாருக்குத் தெரியக்கூடாது

மேற்கோள்களுக்குக் கீழே இப்படி இருந்தது: வி-17, வயது 54, விதவை, இன்ன தெருமுனையில் வஞ்சிரமும் வவ்வாலும் விற்பவர். பெயர் இல்லை, ஆகவே அடையாளம் மறைத்தாயிற்று என்று நினைத்திருக்கிறார். அந்தத் தெருமுனையில் உட்காரும் 54 வயது வஞ்சிரக்காரம்மா எத்தனை பேர்? காசிமேட்டில் எவரைக் கேட்டாலும் பெயரோடு சொல்வார்கள். தண்டல்காரர் ஆங்கில ஆய்விதழ் படிக்க மாட்டார் என்பது உண்மைதான். ஆனால் அவர் மகன் கல்லூரியில் படிக்கிறானே. மேற்கோளில் அந்த அம்மா சொல்லியிருந்தது தண்டல்காரர் வீட்டு வாசலில் வந்து நின்று என்ன பேசினார் என்பது. தெரு போயிற்று, மீன் வகை போயிற்று, வயது 'ஐம்பதுகளில்' ஆயிற்று. இரண்டு மேற்கோள்களை முழுக்கவே எடுத்துவிட்டோம். நல்ல மேற்கோள்கள். அவருக்கு மனசே இல்லை.

அறநெறிக் குழு அனுமதி எண் என்று இதழ் ஒரு கட்டம் வைத்திருந்தது. இவர் கல்லூரியில் அப்போது அப்படி ஒரு குழு கிடையாது. முனைவர் பட்டக் குழு ஆய்வுத் திட்டத்தை ஏற்றுக்கொண்ட கடிதம் மட்டும் இருந்தது. இப்போது ஒரு குழுவைப் பிடித்துப் பழைய தேதியில் வாங்கித் தருகிறேன் என்று உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் ஆசை காட்டியிருக்கிறார். வேண்டாம் என்றேன். தகவல் திரட்டி முடித்த பிறகு வாங்கும் அனுமதி அனுமதியே இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதினோம்: எந்தக் குழு, எந்த மாதம், வாய்மொழிச் சம்மதம் எப்படிக் கேட்கப்பட்டது, ஏன் கையெழுத்து வாங்கவில்லை. கடன் விஷயத்தில் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுச் சூடுபட்ட பெண்களிடம் போய்ப் பேனாவை நீட்டினால் யார் பேசுவார்கள்?

இந்த இடத்தில்தான் இன்னொன்று வெளியே வந்தது. இந்தப் பெண்கள் முன்பின் தெரியாத ஒரு டீச்சரிடம் எப்படி இவ்வளவு பேசினார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: அவர் அம்மா அங்கே பதினெட்டு வருடம் கூடை தூக்கியவர். பாதிப் பேருக்கு இவர் 'நம்ம வீட்டுப் பொண்ணு'. கட்டுரையிலோ 'ஆய்வாளர் களத்துக்குச் சென்றார்' என்று, ஏதோ விமானத்தில் வந்து இறங்கியவர் போல எழுதியிருந்தது.

"அம்மா மீன் வித்தாங்கன்னு எழுதினா பயாஸ்னு சொல்லிடுவாங்க அண்ணா. மதிக்கவும் மாட்டாங்க."

நேர்மாறு. ஆய்வாளர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதைச் சொல்லும்படி இந்த வகை இதழ்கள் கேட்கவே செய்கின்றன. உள்ளே இருப்பவர் என்பதால் எதைச் சொன்னார்கள், எதை மறைத்திருப்பார்கள் (தன் அம்மாவுக்குத் தெரிந்த தண்டல்காரரைப் பற்றி யார் குறை சொல்வார்கள்?) என்று ஒரு பத்தி எழுதச் சொன்னேன். மூன்று வாரம் இழுத்தார். எழுதிக்கொண்டு வந்தபோது நான் ஒரு காற்புள்ளியைத்தான் மாற்றினேன்.

பெயர்ப் பட்டியல்

முதல் பெயர் இவர். இரண்டாவது கைடு, கேள்வித்தாளை வடிவமைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு, ஆகவே சரி. மூன்றாவது, துறையில் மூத்தவர் ஒருவர். என்ன செய்தார் என்று கேட்டேன். "அவங்க பேரு போடலைன்னா கஷ்டம் அண்ணா" என்பதுதான் பதில்.

எனக்கு அந்த அறையில் வேலை இல்லை. அவர்தான் தினம் அந்தத் துறையில் உட்கார வேண்டும். ஒரு வழி மட்டும் சொன்னேன். யார் எதைச் செய்தார் என்று 14 வகைப் பங்களிப்புகளாகப் பிரித்துக் கேட்கும் கிரெடிட் படிவத்தை இதழ் கட்டாயமாக்கியிருந்தது. அந்தப் படிவத்தை மூவருக்கும் அனுப்பி, அவரவர் பங்கை அவரவரே குறிக்கச் சொல்லுங்கள். மருத்துவ இதழ்களின் ஐ.சி.எம்.ஜே.இ. விதியும் இதே கதைதான்: ஆய்வின் உருவாக்கத்தில் அல்லது தகவலில் கணிசமான பங்கு, எழுத்தில் பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பு, இந்த நான்கும் சேர்ந்து இருந்தால்தான் ஆசிரியர். பத்து நாள் கழித்து மூன்றாமவரிடமிருந்து, நன்றியுரையில் போட்டால் போதும் என்று பதில் வந்தது. முகம் கொஞ்சம் கோணியிருக்கும்தான்.

மேற்கோள் பட்டியலில் 64 இருந்தன. ஒவ்வொன்றையும் டி.ஓ.ஐ. எண் (இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான அடையாள எண்) போட்டுத் தேடியதில் மூன்று நூல்களும் கட்டுரைகளும் உலகத்திலேயே இல்லை. முன்னுரையை மெருகேற்ற ஓர் ஏ.ஐ. உரையாடல் செயலியிடம் கொடுத்திருக்கிறார். அது தாராளமாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டது. நம்பும்படியான தலைப்பு, நம்பும்படியான ஆண்டு. அந்த முன்னுரையே போய்விட்டதால் பிரச்சினையும் போயிற்று. மொழித் திருத்தத்துக்குச் செயலியைப் பயன்படுத்தினால் அதையும் சொல்ல வேண்டும் என்பது இப்போது பெரும்பாலான இதழ்களின் விதி.

எங்கே அனுப்புவது

பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்கத்தக்க ஆய்விதழ்களுக்கென்று கேர் பட்டியல் என்று ஒன்றை வைத்திருந்த வரை கல்லூரிக்காரர்களுக்கு அதுவே பஞ்சாங்கம். 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள். அதன் பிறகு வாட்ஸ்அப்பில் 'மூன்று நாளில் வெளியீடு' விளம்பரங்கள் இன்னும் தைரியமாக வருகின்றன. இவருக்கும் வந்திருந்தது. நான் பார்ப்பது சில சின்ன விஷயங்கள்தான்: ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் தங்கள் சொந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தில் அதைச் சொல்கிறார்களா, போன வருடக் கட்டுரைகளில் இரண்டையாவது படித்தால் யாராவது திருத்திய தடம் தெரிகிறதா, நம் மேற்கோள் பட்டியலில் அந்த இதழின் கட்டுரை ஒன்றாவது இருக்கிறதா. கடைசிக் கேள்வி முக்கியம். நாம் படிக்காத இதழ் நம்மை ஏன் படிக்க வேண்டும்? அவர் பட்டியலில் ஐந்து தடவை வந்த ஓர் இதழையே தேர்ந்தெடுத்தோம். சந்தா இதழ்; வெளியிடக் கட்டணம் இல்லை.

ஏற்கெனவே வெளியான எழுத்துகளோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 31 சதவீதம் வந்தது. மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 வரைதான் தண்டனை இல்லாத வரம்பு என்பதால் அலறிவிட்டார். பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி, ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏற்றப்பட்ட அவருடைய ஆய்வேடே. தன் ஆய்வேட்டிலிருந்து கட்டுரை எழுதுவதைப் பல இதழ்கள் ஏற்கின்றன; மறைக்காமல் இருந்தால் சரி. இதழாசிரியருக்கான கடிதத்தில் இரண்டாவது பத்தியாக அதை வைத்தோம். மற்ற பத்திகளில் தடைக்காலமும், ஏன் இந்த இதழ் என்பதும். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை.

எழுதியவரும் மதிப்பிடுபவரும் ஒருவருக்கொருவர் யாரென்று தெரியாத இருமுனை மறைப்பு மதிப்பாய்வு என்பதால் கோப்பில் எழுதியவர் அடையாளம் இருக்கக்கூடாது. பெயரை எடுத்தோம், நன்றியுரையைத் தனிக் கோப்பாக்கினோம், 'எங்கள் முந்தைய கட்டுரையில்' என்ற வரியை மாற்றினோம். அம்மாவைப் பற்றிய பத்தியில் ஊரையும் ஆண்டையும் தளர்த்தினோம். எல்லாம் முடிந்து கோப்பின் பண்புகளைத் திறந்தால், ஆசிரியர் என்ற இடத்தில் பழைய வண்ணாரப்பேட்டை டிடிபி கடை ஒன்றின் பெயர்! ஆய்வேட்டை அங்கே தட்டச்சு செய்திருக்கிறார். அந்த நிமிடம் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

பதினைந்து சதவீதம், எதற்கு?

ஐந்து மாதம் கழித்துப் பெரும் திருத்தம் என்று பதில் வந்தது. இரண்டு ரிவ்யூவர்கள். தடைக்காலம் பற்றி இருவருமே நல்லதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டாமவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: தண்டலுக்கு 15 சதவீத வட்டி என்கிறீர்கள், எவ்வளவு காலத்துக்கு 15?

எனக்கு அடி வயிற்றில் உறைத்தது. எத்தனை தடவை படித்திருப்பேன்! பெண்கள் சொன்ன கணக்கு இது: பத்தாயிரம் தண்டல் என்றால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய், நூறு நாள். இதைத்தான் இவர் 15 சதவீதம் என்று எழுத, நானும் தலையாட்டிவிட்டேன். கையில் வந்தது 8,500தான், பத்தாயிரம் இல்லை. அதுவும் நூறு நாள் முழுக்கக் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே தேய்கிறது. தினக்கணக்கில் போட்டுப் பார்த்தால் நாளுக்கு 0.33 சதவீதம், வட்டிக்கு வட்டி போடாமலே ஆண்டுக்கு ஏறக்குறைய 120. தடைக்காலத்தைச் சொல்லாமல் விட்டாரே என்று அவரை அவ்வளவு பேசியவன் நான். எனக்கும் தண்டல் கணக்கு 'எல்லாருக்கும் தெரிஞ்சது' ஆகிப்போயிருந்தது.

ஆனால் கணக்குக்கு முன் ஒரு சந்தேகம். வியாபாரம் இல்லாத நாளில் நூறு ரூபாய் கட்டாவிட்டால் என்ன? நோட்டில் இல்லை. அவர் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு ஏலக் கூடத்துக்குப் போய், முன்பு பேசிய நான்கு பேரிடம் கேட்டுவிட்டு வந்தார். தெரிந்தவர் என்றால் ஒரு நாள் தள்ளிப்போகும், தடைக்காலத்தில் தள்ள மாட்டார்கள் என்று மூவர் சொன்னார்கள். நான்காமவர் சிரித்துவிட்டு, கட்டுகிறதுக்கு இன்னொரு தண்டல் வாங்குவோம் என்றாராம். இதைப் புதிய தகவலாகச் சேர்க்காமல், பேட்டியளித்தவர்களிடம் பின்னர் சரிபார்த்தது என்று தேதியோடு எழுதி, பதில் கடிதத்தில் ரிவ்யூவரின் கேள்வியை முழுசாக நகலெடுத்து, கீழே நம் பதில், அதன் கீழே மாற்றிய வரியும் பக்க எண்ணும் என்று 23 கேள்விக்கும் வைத்தோம். இரண்டு கேள்விக்கு மாற்ற முடியாது என்றும், ஏன் என்றும் எழுதினோம்.

ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு மெய்ப்பு வந்தது. 48 மணி நேர அவகாசம். அவருக்கு அன்று தேர்வறைக் கண்காணிப்பு, போன் அணைத்து வைத்திருந்தார். நான் திறந்து பார்த்தேன். அட்டவணை 2-இல் தண்டல் என்பது பத்து இடத்தில் சரி. ஓரிடத்தில், அச்சகத்தின் எழுத்துத் திருத்தி, அதைச் செருப்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக மாற்றிவிட்டிருந்தது. சாயந்திரம் ஐந்தரைக்குக் கூப்பிட்டார். சுவரில் ஒட்டிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தமிழ்ச் சொல்லாக எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினோம்.